மார்க்கத் தீவிரமும் ஃபிக்ஹு நூல்களும்: உக்கடம் கொலையை முன்வைத்து

‘தீவிரவாதத்துக்கும் இஸ்லாத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை’ என்னும் வாக்கியம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் முஸ்லிம்களின் மேடைகளில் ஒலித்து வருகிறது. கோவையில் 1998இல் ஒலித்தது. கொழும்பில் 2019இல் ஒலித்தது. கோவைக் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு எதிரே 2022இல் கார் வெடித்தபோதும் ஒலித்தது. கொள்கையளவில் அது உண்மையான வாக்கியம்தான். ஆயின் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காவல்துறையை நோக்கி, பத்திரிகையாளரை நோக்கி, அடுத்த வீட்டு இந்துச் சகோதரரை நோக்கி அது சொல்லப்படுகிறது. நம் வீட்டுக்குள் இருந்துகொண்டு கேள்வி கேட்கும் இருபது வயது இளைஞனுக்கு அதில் விடை இல்லை. அவன் கையில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையும் சரியாக இருக்கிறது. ‘தொடர்பில்லை என்கிறீர்களே ஹஜ்ரத், அப்படியானால் இது என்ன?’ என்று அவன் கேட்கும்போது மேடை வாக்கியம் உதவுவதில்லை. கிதாபைத் திறந்தாக வேண்டும்.

இக்கட்டுரை கிதாபைத் திறக்கும் முயற்சி.

நாம் வாழும் திருப்பூர் வட்டாரம் கோவையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2009இல் தனி மாவட்டமாகும் வரை நகரும் பல்லடமும் அவிநாசியும் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே கோவையில் நடந்தவற்றை வெளியூர்ச் செய்தியாக நாம் கருத இயலாது. இவ்வூரின் பனியன் தொழிலைத் தொடங்கிவைத்த முன்னோடிகளுள் 1925 அளவில் பின்னலாடை ஆலை நிறுவிய குலாம் காதர் சாகிபு முதன்மையானவர். காதர்பேட்டை என்ற பெயரைச் சொல்லாமல் இங்கு ஒரு நாளும் வணிகம் நடப்பதில்லை. கவுண்டர் வீட்டு முதலும் ராவுத்தர் வீட்டு முதலும் ஒரே நூல் கடையில் புரண்டு வளர்ந்த ஊர் இது. இத்தகைய ஊரில் நம்பிக்கை என்பது அறவுரை மட்டுமன்று, அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கான கைப்பொருளுமாகும்.

1997 நவம்பர் 29இல் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த நாள்களின் வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் பதினெட்டு முஸ்லிம்கள் மாண்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் உயிரிழந்தனர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் எத்தரப்பினராயினும் வரலாற்றுக்குத் துரோகம் செய்பவரே. பதினெட்டு பேரின் இரத்தத்துக்கு நீதி கிடைக்கவில்லை என்ற குமுறல் நியாயமானது. அக்குமுறலைக் காய்கறி வாங்க வந்தவர் மீதும் மருத்துவமனை வாசலில் நின்றவர் மீதும் இறக்கியதற்கு நியாயமே இல்லை.

ஃபிக்ஹு நோக்கில் 1998இன் வழக்கு கடினமானதன்று. போர்க்களத்திலேயே பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடாது என்பது நபி(ஸல்) அவர்களின் தெளிவான தடை. ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பிய அபூபக்ர்(ரலி) துறவிகளையும் பழமரங்களையும்கூட விலக்கினார்கள். இதற்கும் மேலாக ஒரு சட்டம் உண்டு. கொங்குநாட்டு மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வின் முஸ்தஃமின் பாடத்தைப் புரட்டினால் அது கிடைக்கும். பகைநாட்டுக்குள்ளேயே பாதுகாப்பு ஒப்பந்தத்தின்பேரில் நுழைந்த முஸ்லிம் வணிகர், அந்நாட்டவரின் உயிரையோ பொருளையோ தொடுவது ஹராம். அது வாக்குத் துரோகம் என்பதே அதன் சாரம். இந்தியாவைப் பகைநாடு என்று வாதிப்பவனுடைய மிகக் கடுமையான வகைப்பாட்டை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், அவன் வைத்த குண்டுக்கு அனுமதி கிடைக்காது. பிறப்புச் சான்றும் ரேஷன் அட்டையும் வாக்குரிமையும் பெற்று வாழ்பவன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவனே. இதில் மத்ஹபுகளுக்கிடையே சர்ச்சை இல்லை.

கடினமான வழக்கு வேறொன்று. 2017 மார்ச் 16 இரவு, அதே உக்கடம் பகுதியில் ஃபாரூக் என்னும் 31 வயது இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழைய இரும்பு வணிகம் செய்து பிழைத்த அவர் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பை ஏற்றவர். அதை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவந்தவர். கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் முஸ்லிம் இளைஞர்களே. இங்கே கலவரம் இல்லை, பழிக்குப் பழி இல்லை, அரசின் அநீதியும் இல்லை. ஒரு மனிதர் நம்பிக்கையை விட்டார் என்பது மட்டுமே இருந்தது. அப்போது கண்டன அறிக்கைகள் வந்தன. அவை கொலையைக் கண்டித்தன. ‘முர்தத்தைக் கொல்ல வேண்டும்’ என்று நம் நூல்களில் இருக்கிறதே, அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்ற கேள்வியைப் பெரும்பாலும் தொடவில்லை. பக்குவம் கருதித் தொடவில்லை என்பார்கள். பக்குவம் ஓராண்டுக்குப் பொருந்தும். தலைமுறைக்கு எப்படிப் பொருந்தும்?

நூல்களில் இருப்பது உண்மை. நான்கு மத்ஹபுகளும் மார்க்கத்தை விட்டு மாறிய ஆணுக்கு, மீளுமாறு கோரிய பின்னும் மீளாவிடில், மரண தண்டனையைச் சொல்கின்றன. இப்னு அப்பாஸ்(ரலி) வழியாக புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி அதன் ஆதாரம். முஆத்(ரலி) யமனில் இத்தகைய ஒருவருக்குத் தண்டனை நிறைவேறாமல் அமர மறுத்த செய்தியும் அதே நூலில் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு, ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்று குர்ஆனில் 2:256 இருக்கிறது, முடிந்தது’ என்று எழுதுவோரை நாம் பாராட்டமாட்டோம். அது விடையன்று. அறிவுள்ள இளைஞன் அந்த மறைப்பைக் கண்டுபிடித்த நாளில் ஆலிமின் மீது அவனுக்கிருந்த மதிப்பு போய்விடுகிறது. அடுத்த நாள் யூடியூபில் ஒருவனிடம் பாடம் கேட்கிறான்.

ஹிதாயாவில் இன்னொரு வரியும் இருக்கிறது. கொலையாளி காட்டக்கூடிய வரி அதுவே. மீளுமாறு கோருவதற்கு முன் ஒருவன் முர்தத்தைக் கொன்றுவிட்டால் அது வெறுக்கத்தக்கது; ஆயினும் கொன்றவன்மீது பழிப்பொறுப்பு இல்லை என்ற கருத்து அது. இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் உக்கடத்தில் நடந்தது வெறும் மக்ரூஹ்தானா?’ என்று கேட்ட மாணவர்கள் உண்டு. பொறுப்பில்லை என்பது கிஸாஸும் உயிரீட்டுத் தொகையும் இல்லை என்ற குறுகிய பொருளில் சொல்லப்பட்டது. இத்தண்டனை ஆட்சித் தலைவருக்கே உரியது என்பதும், அவருடைய அனுமதியின்றிக் கொன்றவன் அவருடைய அதிகாரத்தைப் பறித்தவனாதலால் தண்டிக்கப்பட வேண்டியவன் என்பதும் பின்வந்த ஹனஃபி நூல்களிலும், நவவி(ரஹ்) உள்ளிட்ட ஷாஃபிஈ அறிஞர்களிடமும் உள்ளன. காழி இல்லாத தெருவில், விசாரணை இல்லாமல், வாய்ப்புத் தராமல், இரவில் வரவழைத்து வெட்டுவதற்கு எந்த நூலிலும் இடமில்லை.

இந்த விடை சரியானது, ஆனால் போதுமானதன்று. ‘ஆட்சி வந்தால் கொல்வோம், இப்போது ஆட்சி இல்லையாதலால் கொல்லவில்லை’ என்று முடியும் விடையை நாத்திகரான அண்டை வீட்டார் கேட்டால் என்ன நினைப்பார்? நாம் அவருடைய இடத்தில் இருந்தால் என்ன நினைப்போம்? ஆகவே இன்னும் ஓர் அடி உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கான வழியையும் முன்னோரே வைத்துச் சென்றுள்ளனர்.

நபி(ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து தொடங்குவோம். ஹுதைபிய்யா உடன்படிக்கையில், மதீனாவை விட்டு மக்காவின் இணைவைப்பாளரிடம் திரும்புபவரைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்ற நிபந்தனையை நபிகளார் ஏற்றார்கள். மதம் மாறியவரைக் கொன்றே தீரவேண்டும் என்பது விட்டுக்கொடுக்க இயலாத இறைவிதியாக இருந்திருப்பின் அந்நிபந்தனை எவ்வாறு எழுதப்பட்டிருக்கும்? மதீனாவில் காய்ச்சல் கண்ட நாட்டுப்புற அரபி ஒருவர் தம் பைஅத்தை ரத்துச் செய்யக் கேட்டதும், நபிகளார் மறுக்க அவர் தாமே ஊரை விட்டுப் போனதும் ஜாபிர்(ரலி) அறிவிப்பாக புகாரியில் வருகின்றன. அவர் பின்னால் எவரும் வாளுடன் அனுப்பப்படவில்லை. நயவஞ்சகத் தலைவன் அப்துல்லாஹ் பின் உபையைக் கொல்ல உமர்(ரலி) அனுமதி கேட்டபோது, முஹம்மத் தம் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேசுவார்கள் எனக் காரணம் காட்டி நபிகளார் தடுத்தார்கள். பிறர் என்ன பேசுவார்கள் என்பது அங்கே ஷரீஅத்தின் ஒரு காரணமாகவே நின்றது. இன்று அப்படிச் சொல்லும் ஆலிமை ‘மேற்கத்திய மோகி’ என்கிறார்கள்!

இப்னு மஸ்ஊத்(ரலி) அறிவிக்கும் மற்றொரு நபிமொழி, மார்க்கத்தை விட்டவர் என்பதோடு சமூகத்தைப் பிரிந்தவர் என்ற அடைமொழியையும் சேர்க்கிறது. அபூதாவூதில் ஆயிஷா(ரலி) அறிவிப்பில் அந்த இடத்தில் அல்லாஹ்வோடும் தூதரோடும் போரிடப் புறப்பட்டவர் என வருகிறது. பொதுச் சொல் ஓரிடத்திலும், அதை வரையறுக்கும் சொல் வேறிடத்திலும் வந்தால் இரண்டையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்பது உஸூலில் தொடக்க மாணவனும் அறிந்த விதி. நம்மூர்க் கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் முழுதும் கையில் வராமல் துணியில் கத்தி வைப்பதில்லை; ஒரு பாகத்தை மட்டும் வைத்து வெட்டினால் ஆர்டரே வீணாகும் என்று அவருக்குத் தெரியும். மனித உயிரில் அந்த எச்சரிக்கை வேண்டாமா?

ஹனஃபி மத்ஹபில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது. நபிமொழியின் சொல் பொதுவானது. ஆயினும் மதம் மாறிய பெண்ணைக் கொல்லக்கூடாது என்று இமாம் அபூஹனீஃபா(ரஹ்) விலக்களித்தார். ஏன்? பதினோராம் நூற்றாண்டின் ஸர்கஸீ(ரஹ்) தம் ‘மப்ஸூத்’தில் இதற்குச் சொல்லும் விளக்கம் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. மறுப்பு மிகப் பெரும் பாவமே. எனினும் அது அடியானுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது, அதன் கூலி மறுமைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. இவ்வுலகத் தண்டனைகள் இவ்வுலகத் தீங்கைத் தடுக்கவே விதிக்கப்பட்டன. கொலைத் தண்டனை போரின் தீங்கைத் தடுப்பதற்கு, பெண் போர்புரிபவள் அல்லள் என்கிறார் அவர். இப்னுல் ஹுமாம்(ரஹ்) ‘ஃபத்ஹுல் கதீரி’ல் இதையே தொடர்கிறார். அவர்கள் ஆணுக்கான தண்டனையை நீக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் காலத்தில் அணி மாறிய ஆண் என்றால் மறுநாள் எதிரிப் படையில் நிற்பவன் என்றே பொருள். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும் என்பது அவர்கள் கற்பித்த விதியே. உக்கடத்தில் இரும்பு எடைபோட்டவர் எந்தப் படையில் சேர்ந்தார்? அல்அஸ்ஹரின் ஷைகாக இருந்த மஹ்மூத் ஷல்தூத்(ரஹ்), மறுப்பு மட்டுமே ஒருவரின் இரத்தத்தை ஆகுமாக்காது என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டில் எடுத்துரைத்தபோது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஸர்கஸீயின் வாக்கியத்தை அதன் முடிவுக்குக் கொண்டு சென்றார், அவ்வளவே.

தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு இதில் இன்னொரு கடமையும் உண்டு. 1981 பிப்ரவரியில் தென்காசிக்கருகே மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சி உரிமையைத் தருகிறது, அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று அப்போது வாதிட்டோம். 2002இல் மாநில அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோதும் அதே பிரிவை முன்வைத்துத்தான் கிறிஸ்தவர்களோடும் திராவிட இயக்கத்தவரோடும் ஒரே மேடையில் நின்றோம். வீட்டுக்குள் வருவதற்கு ஒரு கதவும் வெளியே போக ஒரு வாளும் வைத்துக்கொண்டு அந்த மேடையில் நின்றிருக்க முடியுமா? பெரியார் மீலாது மேடைகளில் பேசிய மண் இது. அவருடைய இறைமறுப்பை நாம் ஏற்கவில்லை. அவர் நம் மேடையில் ஏறியதைத் தடுக்கவுமில்லை. பெரியாரின் பெயரால் இயங்கும் அமைப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் நம் தெருவில் வெட்டப்பட்டபோது அந்த நீண்ட உறவின் மீதும் கத்தி பாய்ந்தது. கொலைக்குப் பின் ஃபாரூக்கின் தந்தை, மகன் ஏற்ற கொள்கையில் தாமும் இணைவதாக அறிவித்தார். இஸ்லாத்தைக் காப்பதாக எண்ணியவர்கள் சாதித்தது அதுதான்.

கத்தி எடுத்தவன் முதலில் எடுத்தது சொல்லை. தக்ஃபீர் என்னும் அச்சொல் நம்மிடம் மலிந்துவிட்டது. தக்கலையில் 2007இல் கவிஞர் எச்.ஜி.ரசூல் ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அக்கட்டுரையின் கருத்து நமக்கு உடன்பாடன்று. கட்டுரைக்குக் கட்டுரை எழுத ஆளில்லாத சமூகமா நாம் என்பதே கேள்வி. இலங்கையின் காத்தான்குடியில் ரவூஃப் மௌலவிக்கு எதிராக முர்தத் ஃபத்வா வழங்கப்பட்டது 1979இல். வழங்கியவர்கள் வன்முறையாளர் அல்லர், மதிப்பிற்குரிய உலமாக்கள். எனினும் அந்த முத்திரை அவ்வூரில் தலைமுறை கடந்தும் அழியவில்லை. 2017 மார்ச்சில் அதே ரவூஃப் மௌலவி தரப்பினரோடு வாளோடு மோதித் தலைமறைவானவர்தான் ஸஹ்ரான் ஹாஷிம். ஈராண்டு கழித்து, 2019 ஏப்ரல் 21இல், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அவருடைய கூட்டமே. ஃபத்வா வழங்கியவர்களைக் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் அண்டை வீட்டு முஸ்லிமின் ஈமானை அளந்து பழகிய கை, அடுத்து எதை நோக்கி நீளும் என்பதற்குக் காத்தான்குடி ஒரு பாடம். கவாரிஜ்களின் வரலாறும் இதுவே. வழியில் விழுந்த பேரீத்தம்பழத்தை விலை கொடாமல் உண்ணலாமா என்று பேணுதல் பார்த்தவர்கள், நபித்தோழரின் மகன் அப்துல்லாஹ் பின் கப்பாபையும் கருவுற்றிருந்த அவர் மனைவியையும் அறுத்தார்கள். தீமைக்கு இறைபக்தியின் உடை இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது வேறெங்கும் இல்லை.

ஒரு சொல்லைப் படிப்பதில் நேரும் பிழை எத்தனை தூரம் போகும் என்பதற்கு அரபி ஆசிரியர்கள் அனைவரும் வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மங்கோலியர் ஆதிக்கத்திலிருந்த மார்தீன் நகரைப் பற்றி இப்னு தைமிய்யா(ரஹ்) வழங்கிய ஃபத்வாவில், ஷரீஅத்துக்கு வெளியே நிற்பவர் அவருக்குரியபடி ‘நடத்தப்படுவார்’ என்ற பொருளில் ‘யுஆமலு’ என்றிருந்தது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான பதிப்பில் அது ‘யுகாதலு’, அதாவது ‘போரிடப்படுவார்’ என்று மாறிப்போனது. அந்த அச்சுப்பிழையைச் சுமந்த ஃபத்வாவைத்தான் எகிப்தின் அப்துஸ்ஸலாம் ஃபரஜ் தம் நூலில் ஆதாரமாக்கினார். 1981இல் அன்வர் சாதாத்தைக் கொன்ற கூட்டத்துக்கு அந்நூல் வழிகாட்டியது. திமிஷ்கு ளாஹிரிய்யா நூலகக் கையெழுத்துப் படியையும், மாணவர் இப்னு முஃப்லிஹின் மேற்கோளையும் ஒப்பிட்டுச் சரியான பாடத்தை அறிஞர்கள் நிறுவினர்; 2010இல் மார்தீன் நகரிலேயே கூடி அறிவித்தனர். இரண்டெழுத்து வேறுபாடு! ‘அரபி தெரிந்தால் போதும், ஆசிரியர் எதற்கு?’ என்போர் இதைச் சற்று யோசிக்கட்டும்.

இங்கேதான் நம் வட்டாரத்தின் நிலை கவலை தருகிறது. இரண்டு ஷிப்ட் பார்க்கும் பவர்டேபிள் தொழிலாளிக்கு வெள்ளிக்கிழமை குத்பாவின் இருபது நிமிடமே மார்க்கக் கல்வி. அதிலும் பாதி பேர் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களாயின் தமிழ்ப் பயான் அவர்களை எட்டுவதில்லை. செக்கிங் மேசையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்கும் கைப்பேசியே அவர்களின் மதரஸா. கைப்பேசி என்ன செய்யும் என்பதைத் திருப்பூர் 2023 மார்ச்சில் கண்டது. வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்க் காணொளிகளால் அச்சமடைந்து தொழிலாளர்கள் ரயிலேறினர். முஸ்லிம் என்றாலும் இந்து என்றாலும் பொய் ஒரே வேகத்தில்தான் பரவுகிறது. 2016 ஜூலையில் மேற்கு வங்கத்தின் வர்தமான் ரயில் நிலையத்தில் ஐ.எஸ். தொடர்பின் பேரில் கைதான இளைஞர், திருப்பூரில் தங்கிப் பிழைத்தவர். அவர் எந்த மதரஸாவின் மாணவர் என்று தேடினால் கிடைக்காது. அவர் எந்த மதரஸாவிலும் இல்லாதவர் என்பதல்லவா நம்மைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும்? 2022 அக்டோபர் 23இல் கோவையில் வெடித்த காரில் மாண்டவர் பொறியியல் பட்டதாரி. அவ்வழக்கைத் தொடர்ந்து, அரபி வகுப்பு என்ற போர்வையில் தீவிரக் கருத்து ஊட்டப்பட்டதாகத் தேசியப் புலனாய்வு முகமை குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டை நிறுவ வேண்டிய இடம் நீதிமன்றம். ஒன்பதாண்டுக்கும் மேலாகச் சிறையிலிருந்து 2007இல் விடுதலையான மதானியின் வழக்கை மறந்துவிட்டு அவசரத் தீர்ப்பெழுத நாம் ஆயத்தமில்லை. எனினும் அரபி என்ற சொல்லே ஐயத்துக்குரியதாக மாறும் நாளில், அரபி கற்பிப்போர் வாளாவிருத்தல் தகாது. அந்த வெடிப்புக்குப் பின் உக்கடம் பகுதி ஜமாஅத்தினர் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கே நேரில் சென்று அர்ச்சகர்களைச் சந்தித்தது, பத்து அறிக்கைகளுக்குச் சமமான செயல்.

மதரஸாக்களில் கிதாபுஸ் ஸியர், முர்தத் பாடம் ஆகியவை பெரும்பாலும் ஷஃபான் மாதத்தில், ஆண்டு முடிவின் அவசரத்தில் வேகமாக வாசித்து முடிக்கப்படுகின்றன. ‘இக்காலத்துக்கு வேண்டாதது’ என்று சில இடங்களில் தாண்டியும் போகிறார்கள். இதை நாம் ஏற்கமாட்டோம். ரஜபுக்கு முன்பே, நிதானமாக, ஸர்கஸீயோடும் ஷல்தூத்தோடும் சேர்த்து, அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவையும் மேசைமேல் வைத்து அப்பாடம் நடத்தப்பட வேண்டும். நாம் நடத்தாத பாடத்தை நடத்த ஆள் காத்திருக்கிறான்.

அப்படி நடத்தும்போது முதலில் சொல்ல வேண்டிய செய்தி இமாம் மாலிக்(ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் இருக்கிறது. அபூமூஸா(ரலி) இருந்த பகுதியிலிருந்து ஒருவர் வந்து, மார்க்கம் மாறிய ஒரு மனிதரைப் பிடித்துக் கொன்றுவிட்டோம் என்று உமர்(ரலி) அவர்களிடம் தெரிவித்தார். கலீஃபா மகிழவில்லை. மூன்று நாள் அவரை அடைத்து வைத்து, நாளுக்கொரு ரொட்டி கொடுத்து, மனம் திரும்பக் கேட்டிருக்கக் கூடாதா என்று வினவினார். பின்னர் இறைவனை நோக்கிக் கையேந்தி, தாம் அங்கே இருக்கவில்லை, அதற்கு ஆணையிடவில்லை, செய்தி வந்தடைந்தபோது அதில் திருப்தி கொள்ளவுமில்லை என்று முறையிட்டார்.